அடுக்களையில் ஒளித்த ஏடு

நுழையும்முன்

நூலைத் திறந்து படிப்பது இன்று நமக்கு மூச்சு விடுவதைப் போல இயல்பான செயல். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் வங்கத்துச் சிற்றூர்களில், ஒரு பெண் நூலைக் கையில் எடுப்பதே குடும்பத்திற்குக் கேடு தரும் செயலாகக் கருதப்பட்டது. அத்தகைய ஊரொன்றில், நூலின் ஒரே ஓர் ஏட்டை விறகுக்குள் ஒளித்துவைத்து, ஆசிரியர் எவருமின்றி எழுத்தறிந்து, பின்னாளில் தம் வாழ்க்கையைத் தாமே நூலாக எழுதியவர் இராசசுந்தரி தேவி. அவருடைய வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கேட்டுக் கற்ற சிறுமி

இன்றைய வங்கதேசத்தில் அமைந்துள்ளது பாப்னா பகுதி. அங்குள்ள பொத்தாஜியா என்னும் சிற்றூரில், 1810ஆம் ஆண்டை ஒட்டி இராசசுந்தரி பிறந்தார். தந்தையை மிக இளம் வயதிலேயே இழந்த அவரைத் தாயே வளர்த்தார். சிறுமி இயல்பிலேயே அச்சம் மிகுந்தவர். உடன் விளையாடும் பிள்ளைகள் அடித்தாலும் வாய்திறந்து சொல்லமாட்டார். அஞ்சும் வேளைகளில் தங்கள் குலதெய்வமாகிய தயாமாதவனை நினைந்து அழைக்குமாறு தாய் கற்றுக்கொடுத்தார். அந்த ஒரு சொல்லே பின்னாளில் அவருக்கு வாழ்நாள் முழுவதும் துணையாயிற்று.

அவர்களது வீட்டின் வெளிக்கட்டில் ஊர்ச் சிறுவர்களுக்கான பள்ளி ஒன்று நடந்துவந்தது. ஆங்கிலேய அம்மையார் ஒருவர் அங்குக் கற்பித்தார். எட்டு வயதுச் சிறுமியான இராசசுந்தரி நாள்தோறும் அப்பள்ளியில் ஒரு பக்கமாக அமர்த்தப்பட்டார். கற்பதற்காக அன்று, பிற பிள்ளைகளின் தொல்லையின்றிப் பாதுகாப்பாக இருப்பதற்காக. சிறுவர்கள் எழுத்துகளை எழுதி உரத்த குரலில் ஒப்பிப்பார்கள். சிறுமி வாய்திறவாமல் அனைத்தையும் கேட்டுக்கொண்டிருப்பார். எழுத்துகளின் ஒலிகளும் அவற்றின் வரிசையும் அவர் நெஞ்சில் தாமாகவே பதிந்தன. அவர் கற்றுக்கொண்டார் என்பதை எவரும் அறியவில்லை, எவரும் கேட்கவுமில்லை. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் வீடு தீக்கிரையானது. அதனோடு பள்ளியும் நின்றுபோயிற்று.

முக்காட்டுக்குள் ஓர் உலகம்

பன்னிரண்டாம் வயதில் இராசசுந்தரிக்குத் திருமணம் நடந்தது. கணவர் சீதாநாத் சர்க்கார், பரீத்பூர் பகுதியிலுள்ள ராம்தியா என்னும் ஊரைச் சேர்ந்த நிலக்கிழார். தாயின் மடியை விட்டுப் பிரிந்து படகில் ஏறிய அந்தச் சிறுமி, பலியிடக் கொண்டுசெல்லப்படும் ஆட்டுக்குட்டியின் நிலையோடு தம் நிலையை ஒப்பிட்டுப் பின்னாளில் எழுதினார்.

புகுந்த வீட்டார் கொடியவர் அல்லர். மாமியார் அவரை அன்போடு அணைத்துக்கொண்டார். எனினும் அந்த வீட்டிற்கென்று ஒரு முறைமை இருந்தது. மருமகள் நெஞ்சளவுக்கு முக்காடு இட்டுக்கொள்ள வேண்டும். எவரோடும் உரத்துப் பேசலாகாது. வெளிக்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தலும் ஆகாது. கனத்த முரட்டுத் துணியாலான முக்காட்டின் வழியே தம் பாதங்களைத் தவிர வேறெதுவும் தெரியாது. கண்ணைக் கட்டிச் செக்கில் பூட்டிய மாட்டைப் போல இருந்ததாகவே அந்நாள்களை அவர் நினைவுகூர்ந்தார்.

சில ஆண்டுகளில் மாமியார் நோயுற்றுக் கண்பார்வையை இழந்தார். குடும்பப் பொறுப்பு முழுவதும் இளம் மருமகளின் தோள்மேல் விழுந்தது. வீட்டில் பணியாளர்கள் பலர் இருந்தனர். ஆனால் அவர்கள் வெளிவேலைக்கு உரியவர்கள். குலதெய்வத்திற்குப் படையல் செய்தல், இருபதுக்கும் மேற்பட்டோருக்கு இருவேளையும் சமைத்தல், விருந்தினரை உண்பித்தல் ஆகிய அனைத்தும் அவருடைய கடமைகளாயின. பதினெட்டாம் வயதில் தலைமகன் பிறந்தான். நாற்பத்தோராம் வயதிற்குள் அவர் பன்னிரண்டு பிள்ளைகளைப் பெற்றார். தாம் உண்ண அமரும் நேரத்தில் விருந்தினர் வந்துவிடுவதும், குழந்தை அழுவதுமாக, ஒருமுறை அவர் தொடர்ந்து இரண்டு நாள் உணவின்றி இருக்க நேர்ந்தது. சோறு பொங்கும் வீட்டில், பொங்கியவரே பசித்திருந்ததை ஒருவரும் அறியவில்லை. அதைச் சொல்லிக்கொள்வதும் மருமகளுக்கு அழகன்று என்று எண்ணி அவர் வாளாவிருந்தார்.

கட்டுப்பாடு மனத்திற்குள் எவ்வளவு ஆழமாக வேரூன்றும் என்பதற்கு அவர் எழுதிய நிகழ்ச்சி ஒன்று சான்றாகும். கணவருக்கு ஜெயஹரி என்னும் குதிரை இருந்தது. ஒருநாள் மகனை அதன்மீது அமர்த்தி, தாய் காணட்டும் என்று உள்முற்றத்திற்குக் கொண்டுவந்தனர். முற்றத்தில் குவித்திருந்த நெல்லைக் குதிரை தின்னத் தொடங்கியது. இராசசுந்தரியோ கணவரின் குதிரைக்கு முன்னால் எவ்வாறு நிற்பது என்று நாணி உள்ளே மறைந்துகொண்டார். அது விலங்குதானே என்று பின்னர் எண்ணிப்பார்த்தபோது, அவருக்கே அது நகைப்பிற்குரியதாகத் தோன்றியது. தம் அச்சத்தைத் தாமே கண்டு நகைத்த அந்தத் தெளிவு, கட்டின் ஓர் இழையை அறுத்தது.

தாயின் இறுதிக்காலத்தில் அருகிருந்து பணிவிடை செய்ய அவர் ஏங்கினார். வீட்டு வேலை தடைப்படும் என்பதால் அவர் அனுப்பப்படவில்லை. மகனாகப் பிறந்திருந்தால் பறவையைப் போலப் பறந்து சென்றிருக்கலாமே, பெண்ணாய்ப் பிறந்ததால் கூண்டில் அடைபட்டோமே என்ற துயரம் முதுமையிலும் அவரை விட்டு நீங்கவில்லை.

கனவும் ஏடும்

இத்தனைக்கும் நடுவில் அவர் உள்ளத்தில் ஓர் ஆசை வளர்ந்தது. நூல்களைத் தாமே படிக்க வேண்டும் என்பதே அது. இறைவனைப் பற்றிப் பிறர் படிக்கக் கேட்கும் வாய்ப்பும் மருமகளுக்கு இல்லை. பெண்கள் படித்தால் ஆண்கள் செய்யும் வேலையையும் அவர்களே செய்யத் தலைப்படுவர் என்று ஊர்ப் பெரியவர்கள் இகழ்ந்து பேசுவது அவர் காதிலும் விழுந்திருந்தது. ஆகவே தம் ஆசையை எவரிடமும் சொல்லவில்லை. அதற்காகத் தம்மைத் தாமே கடிந்துகொள்ளவும் செய்தார். ஆயினும் ஆசை அடங்கவில்லை.

ஏறத்தாழ இருபத்தைந்து வயதில் அவர் ஒரு கனவு கண்டார். அதில் ‘சைதன்ய பாகவதம்’ என்னும் நூலைத் தாம் படித்துக்கொண்டிருப்பதாகக் கண்டு பெருமகிழ்ச்சியோடு விழித்தார். அது வைணவப் பெரியார் சைதன்யரின் வரலாற்றைக் கூறும் வங்க நூலாகும். அந்நூலை அவர் கண்ணால் கண்டதில்லை. கண்டாலும் அதுதான் என்று அறியும் எழுத்தறிவும் இல்லை. அந்நாளில்தானே, கணவர் அடுக்களைப் பக்கம் வந்து, மகன் பிபினிடம் சைதன்ய பாகவதத்தை இங்கு வைத்திருப்பதாகவும், கேட்கும்போது எடுத்துவருமாறும் கூறிச் சென்றார். அடுப்பருகில் இருந்த இராசசுந்தரி அதனைக் கேட்டார். அக்காலச் சுவடிகள் தனித்தனி ஏடுகளாக, மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டப்பட்டவை. படிக்கத் தெரியாத அவர், சட்டத்தின் மேலிருந்த ஓவியத்தைக் கண்டு நூலை அடையாளம் வைத்துக்கொண்டார். பின்னர்க் கட்டிலிருந்து ஓர் ஏட்டை உருவி எடுத்தார்.

எடுத்த ஏட்டை எங்கே வைப்பது? எவர் கண்ணிலும் படாத இடம், ஆனால் தம் கைக்கு எப்போதும் எட்டும் இடம் வேண்டும். அடுக்களையின் விறகுக் குவியலே அத்தகைய இடமாக அமைந்தது. மகன் எழுதிப் பழகிய பனையோலை ஒன்றையும் அவர் எடுத்து மறைத்துக்கொண்டார்.

பின்னர்த் தொடங்கியதே அவருடைய கல்வி. அதற்கு மூன்று துணைகள் இருந்தன. சிறுவயதில் பள்ளியில் கேட்டு நெஞ்சில் பதிந்த ஒலிகள் ஒன்று. அவ்வொலிகளுக்குரிய வடிவங்களைக் காட்டிய மகனின் ஓலை மற்றொன்று. அவ்வடிவங்கள் சொற்களாக இணைந்துநின்ற ஏடு மூன்றாவது. ஓலையின் எழுத்தை ஏட்டின் எழுத்தோடு ஒப்பிடுவார். அதனை நினைவில் உள்ள ஒலியோடு பொருத்துவார். மக்கள் பேசும் சொல்லோடு இணைத்துச் சரிபார்ப்பார். சமைக்கும்போது ஏட்டை இடக்கையில் முக்காட்டுக்குள் மறைத்துக்கொண்டு, ஆள் இல்லாத ஓரிரு நொடிகளில் ஓர் எழுத்தைப் பார்ப்பார். பகலில் ஓய்வில்லை, இரவில் குழந்தைகள் உறங்குவதில்லை. ஒருவன் உறங்கினால் மற்றொருவன் விழிப்பான். ஆகவே பார்க்கக் கிடைத்த நேரம் சிறிது. பார்த்ததை மனத்திற்குள் எண்ணிப் பார்த்த நேரமே மிகுதி. நெடுநாள் முயன்று எழுத்துகளைக் கூட்டிப் படிக்கக் கற்றார். மெல்ல மெல்ல அந்நூல் முழுவதையும் படித்தார்.

தெரிந்து தெளிவோம்

வங்கத்தின் கல்விநிலையை ஆராய்ந்து 1835 முதல் 1838 வரை வில்லியம் ஆதம் மூன்று அறிக்கைகளை அளித்தார். எழுதப் படிக்கக் கற்ற பெண் திருமணமான சிறிது காலத்தில் கைம்பெண் ஆவாள் என்ற நம்பிக்கை அக்குடும்பங்களில் பரவியிருந்ததை அவர் பதிவுசெய்துள்ளார். கல்கத்தாவில் பெத்யூன் பெண்கள் பள்ளி தொடங்கப்பட்டது 1849இல்தான். இராசசுந்தரி அடுக்களையில் ஏட்டை ஒளித்துவைத்தது அதற்குப் பல ஆண்டுகள் முன்பாகும்.

அஞ்சியதும் நிகழ்ந்ததும்

கற்றுக்கொண்ட பின்னும் அச்சம் நீங்கவில்லை. உறவினர் அறிந்தால் என்ன சொல்வார்களோ என்று நடுங்கினார். குறிப்பாக, கணவரை இழந்து பிறந்தகம் திரும்பியிருந்த நாத்தனார்களுக்கு அவர் மிகவும் அஞ்சினார். நம்பிக்கைக்குரிய பெண்கள் சிலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு மறைவாகவே படித்துவந்தார். ஒருநாள் நாத்தனார்களுக்குச் செய்தி தெரிந்துவிட்டது. அவர்கள் சினக்கவில்லை, மாறாகப் பெரிதும் மகிழ்ந்தனர். அவர் படிக்க, அருகமர்ந்து கேட்டனர். தமக்கு எதிராக நிற்பர் என்று அவர் அஞ்சிய பெண்களின் உள்ளத்திலும் அதே ஆசை பேசப்படாமல் உறங்கியிருந்தது. ஒரு வழக்கம் நிலைத்திருக்கக் கொடியவர்கள் தேவையில்லை, ஒவ்வொருவரும் மற்றவருக்கு அஞ்சி வாளாவிருந்தாலே போதும் என்பதை இந்நிகழ்ச்சி புலப்படுத்துகிறது.

படித்தலிலிருந்து எழுதுதலுக்கு

படிக்கக் கற்றவரால் எழுத இயலவில்லை. படித்தலை முக்காட்டுக்குள் மறைக்கலாம். எழுதுவதற்கோ தாள், எழுதுகோல், மை, மைக்கூடு ஆகியவை வேண்டும்; அவற்றை விரித்து ஓரிடத்தில் அமரவும் வேண்டும். பலர் நடமாடும் வீட்டில் அது மறைக்கக்கூடிய செயலன்று. எனவே அவருடைய எழுத்து பல்லாண்டுகள் காத்திருந்தது.

கல்கத்தாவில் பயின்ற மகன் கிஷோரிலால், தான் எழுதும் கடிதங்களுக்குத் தாய் விடை எழுதாததைக் குறித்து வருந்தினான். தாள், எழுதுகோல், மை முதலியவற்றைத் தாயிடம் தந்து, விடை எழுதியே ஆகவேண்டும் என்று வற்புறுத்திச் சென்றான். பின்னர்க் கணவரின் மருத்துவத்திற்காக மற்றொரு மகன் பணியாற்றிய ஊரில் அவர் சில காலம் தங்க நேர்ந்தது. அங்கு வீட்டு வேலை குறைவு. அந்த ஓய்விலேயே அவர் எழுதக் கற்றார். ஒரு மகனின் ஓலையால் படிக்கத் தொடங்கியவர், மற்றொரு மகனின் வேண்டுகோளால் எழுதத் தொடங்கினார்.

1869இல் கணவர் மறைந்தார். 1876இல் அவருடைய தன்வரலாறு ‘ஆமார் ஜீபன்’ என்னும் பெயரில் வெளிவந்தது. என் வாழ்க்கை என்பது அதன் பொருள். வங்க மொழியில் எழுதப்பட்ட முதல் தன்வரலாற்று நூல்களுள் ஒன்றாக அது போற்றப்படுகிறது. இறைவணக்கப் பாடல்களோடு அமைந்த அந்நூல், அடுக்களையையும் பேறுகாலத்தையும் பசியையும் பிள்ளைகளின் இழப்பையும் எளிய நடையில் கூறுகிறது. பன்னிரண்டு பிள்ளைகளுள் எழுவரைத் தம் வாழ்நாளிலேயே இழந்தவர் அவர். எண்பது வயதைக் கடந்த பின்னரும் நூலை விரிவாக்கினார். அவ்விரிவான பதிப்பு 1897இல் வெளிவந்தது. ரவீந்திரநாத் தாகூரின் தமையனார் ஜோதிரிந்திரநாத் தாகூர் அந்நூலுக்கு முன்னுரை வழங்கினார். 1899இல் இராசசுந்தரி மறைந்தார்.

வாழ்வு உணர்த்துவது

இராசசுந்தரி வீட்டை விட்டு வெளியேறவில்லை. எவரையும் எதிர்த்துக் குரல் எழுப்பவில்லை. தம்மைச் சூழ்ந்திருந்தோரின் அன்பை அவர் மறுக்கவுமில்லை. ஆனால் பெண்ணாய்ப் பிறந்த ஒரே காரணத்தால் திருடரைப் போல ஒளிந்து கற்க நேர்ந்த அநீதியைத் தம் நூலில் மறைக்காமல் எழுதினார். பிற்காலத்துப் பெற்றோர் பெண்குழந்தைகளைப் படிக்கவைப்பதைக் கண்டு மகிழ்ந்தார். முக்காட்டுக்குள் மறைத்துக் கற்ற எழுத்தைக் கொண்டே, அந்த முக்காட்டுக்குள் நிகழ்ந்ததை உலகம் அறியச் செய்தார். எதிர்ப்பு என்பது எப்போதும் தெருவில்தான் தொடங்கும் என்பதில்லை. வங்கத்துச் சிற்றூரில் அது அடுப்பருகே, விறகுக்குள் ஒளித்த ஓர் ஏட்டில் தொடங்கியது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் குடும்பத்தின் மூத்த பெண்மணி ஒருவரிடம் அவர் கல்வி பெற்ற அல்லது பெற இயலாமற்போன சூழலைக் கேட்டறிந்து, ஒரு பக்க அளவில் எழுதுக.

2. எழுத்தறிய இராசசுந்தரிக்குத் துணைநின்ற மூன்றையும், தடையாக நின்றவற்றையும் பட்டியலிடுக.

3. நாத்தனார்கள் மகிழ்ந்த நிகழ்ச்சியை அடிப்படையாகக் கொண்டு, வழக்கங்கள் எவ்வாறு நிலைபெறுகின்றன என்பது குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.