பேராசிரியர் பதவியை விட்டுச் சென்ற ஆய்வாளர்

முனைவர் பட்டம் நமக்கெதற்கு எனத் தயங்கும் சங்ககிரி வட்டார வணிகவியல் மாணவர்களுக்கு அண்ணல் அம்பேத்கரின் வாழ்வை நினைவூட்ட விரும்புகிறோம்.

பரோடா அரசின் உதவித்தொகைக் காலம் முடிந்ததால், 1917இல் இலண்டன் ஆய்வைப் பாதியில் நிறுத்தித் தாயகம் திரும்பினார். 1918இல் பம்பாய் சிடனாம் வணிகவியல் கல்லூரியில் பேராசிரியரானார். அங்கும் பொதுக் குடிநீர்ப் பானையை அவர் பயன்படுத்துவதைச் சக ஆசிரியர் சிலர் எதிர்த்தனர். பதவி, தீண்டாமையைத் தடுக்கவில்லை. ஊதியத்தில் சேமித்த பணம், ஷாகு மகாராஜாவின் உதவி, நண்பரிடம் பெற்ற கடன் ஆகியவற்றுடன் 1920இல் மீண்டும் இலண்டன் சென்றார். ரூபாயின் சிக்கல் குறித்த ஆய்வுக்காக 1923இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். பின்னர் ஹில்டன் யங் நாணய ஆணையத்தின் முன் சாட்சியமளித்தார்.

எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம் என்பதை வைத்தே ஆய்வில் சேர்வதை முடிவு செய்வோம். அவ்விடை கிட்டும்வரை உதவித்தொகை தடைபடாதிருப்பதை உரிமையாகக் கோருவோம்.