கணவர் சிறையில், மனைவி மேடையில்: டி.ஏ.மதுரம் நடத்திய வாழ்க்கை

1945-ம் ஆண்டு மே மாதம் 3-ந் தேதி சென்னை ஐகோர்ட்டில் ஒரு தீர்ப்பு சொல்லப்பட்டது. பத்திரிகை ஆசிரியர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் எம்.கே.தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் குற்றவாளிகள் என்று ஜூரிகளில் பெரும்பான்மையோர் கூறினர். நீதிபதி மாக்கெட் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதித்தார். அந்நாளில் அதற்குத் தீவாந்தர சிட்சை என்று பெயர்.

பாகவதர் தமிழர்களைப் பாட்டால் கட்டிப்போட்டவர். கிருஷ்ணன் அவர்களைச் சிரிக்க வைத்தவர். இருவரும் கைதி உடை அணிந்தார்கள். அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். அன்று முதல் சட்டத்தின் கண்ணில் கொலைக் குற்றவாளியின் மனைவியாக வாழ வேண்டி வந்த ஒரு பெண்ணின் கதையை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. அவர்தான் டி.ஏ.மதுரம்.

புனாவில் நடந்த திருமணம்

மதுரம் திருச்சியை அடுத்த ஸ்ரீரங்கத்துப் பெண். பாடத் தெரிந்தவர். தமிழ்ப் படங்கள் பேசத் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே திரைக்கு வந்துவிட்டார். 1935-ல் வெளிவந்த 'ரத்னாவளி' அவருடைய முதல் படம்.

என்.எஸ்.கிருஷ்ணன் நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908-ம் ஆண்டு பிறந்தவர். ஏழைக் குடும்பம். டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் கம்பெனியில் வளர்ந்து சினிமாவுக்கு வந்தார்.

இருவரையும் சேர்த்து வைத்தது 'வசந்தசேனா' என்ற படம். ராஜா சாண்டோ டைரக்ட் செய்த அந்தப் படத்துக்காக ஒரு குழுவே ரெயிலேறிப் புனாவுக்குப் போயிற்று. போன இடத்தில் கையில் பணம் இல்லாமல் குழுவினர் சாப்பாட்டுக்கே திண்டாடினார்கள். மதுரம் தம் கை வளையல்களைக் கழற்றிக் கொடுத்து, அத்தனை பேருக்கும் சோறு போட்டார் என்பது சினிமா உலகில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அந்தப் புனாவிலேயே கிருஷ்ணனுக்கும் மதுரத்துக்கும் திருமணம் நடந்தது.

கிருஷ்ணனுக்கு ஊரில் நாகம்மாள் என்ற மனைவி இருப்பது மதுரத்துக்குப் பிறகுதான் தெரிய வந்தது. அந்த வருத்தத்தையும் விழுங்கிக்கொண்டு அவர் அந்தக் குடும்பத்தில் ஒருவரானார்.

'அம்பிகாபதி', 'சகுந்தலை', 'உத்தமபுத்திரன்', 'சிவகவி', 'ஹரிதாஸ்' என்று படத்துக்குப் படம் இந்த ஜோடி நடித்தது. கதாநாயகன் யாராக இருந்தாலும் சரி, கிருஷ்ணன், மதுரம் காமிக் இருந்தால்தான் படம் ஓடும் என்ற நிலைமை வந்தது.

வேப்பேரியில் விழுந்த கத்திக்குத்து

சி.என்.லட்சுமிகாந்தன் முதலில் 'சினிமா தூது' என்ற பத்திரிகையும் பிறகு 'இந்து நேசன்' என்ற பத்திரிகையும் நடத்தினார். நடிகர், நடிகையரின் சொந்த வாழ்க்கையைப் பற்றி எழுதுவதே அவற்றின் வியாபாரம். அதனால் அவருக்குப் பகைவர்கள் பலர்.

1944-ம் ஆண்டு நவம்பர் 8-ந் தேதி சென்னை வேப்பேரியில் ரிக்‌ஷாவில் சென்றுகொண்டிருந்த அவரைச் சிலர் கத்தியால் குத்தினர். மறுநாள் ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தது.

டிசம்பர் மாதத்தில் பாகவதர், கிருஷ்ணன், டைரக்டர் எஸ்.எம்.ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் கைதானார்கள். கொலைக்குச் சதி செய்ததாகக் குற்றச்சாட்டு. விசாரணையின் முடிவில் நாயுடு விடுதலையானார். மற்ற இருவருக்கும் தண்டனை.

வீட்டில் இருந்தவர்கள் நிலை

ஒரு வீட்டில் சம்பாதிப்பவர் சிறைக்குப் போனால் அந்த மாதமே வருமானம் நின்றுபோகும். ஆனால் அரிசிக்காரரும் பால்காரரும் நிற்க மாட்டார்கள். வக்கீலுக்குப் பணம் வேண்டும். சிறைக்குச் சென்று மனு போட்டுக் கைதியைப் பார்க்க வேண்டும். இதோடு ஊர்ப் பேச்சும் உண்டு.

மதுரத்துக்கு இன்னொரு பாரமும் இருந்தது. கிருஷ்ணன் பெயரில் ஒரு நாடகக் கம்பெனி நடந்துகொண்டிருந்தது. நாடகக் கம்பெனி என்றால் நடிகர்கள், வாத்தியக்காரர்கள், சீன் தூக்குபவர்கள், சமையல்காரர்கள் என்று அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே உலை. முதலாளி சிறைக்குப் போனார் என்று கம்பெனியை மூடினால் அத்தனை அடுப்பும் அணைந்துவிடும்.

இப்படிப்பட்ட நேரத்தில் மனிதர்கள் சாதாரணமாக என்ன செய்வார்கள்? பெயரை மறைப்பார்கள். யாரும் அறியாத ஊருக்குக் குடிபெயர்ந்து, வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார் என்றோ, காலமாகிவிட்டார் என்றோ சொல்லிக்கொண்டு காலம் தள்ளுவார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. உலகம் கொடுக்கும் அடி அப்படிப்பட்டது.

மதுரத்தால் அப்படி ஒளிய முடியாது. அவர் முகம் தமிழ்நாடு முழுவதும் தெரிந்த முகம். போகிற ஊரில் எல்லாம் போஸ்டரில் இருந்த முகம்.

மேடை ஏறினார்

அவர் என்.எஸ்.கே. பெயரில் இருந்த நாடக சபாவை மூடவில்லை, பெயரையும் மாற்றவில்லை. நடிகர் எஸ்.வி.சகஸ்ரநாமத்தைத் துணையாகக் கொண்டு கம்பெனியைத் தொடர்ந்து நடத்தினார். கொலைக் குற்றத்துக்காகச் சிறையில் இருப்பவரின் பெயர் விளம்பரப் பலகையில் பெரிய எழுத்தில் அப்படியே இருந்தது.

அப்போது அவர்கள் போட்ட நாடகங்களில் புகழ் பெற்றது 'பைத்தியக்காரன்'. கிழவனுக்கு இளம்பெண்ணைக் கட்டி வைக்கும் கொடுமையைச் சாடும் கதை அது.

மதுரம் சோக வேடத்தில் மட்டும் பேர் வாங்கிய நடிகையாக இருந்திருந்தால், அந்த நாட்களில் மேடை ஏறுவது ஒருவேளை அவ்வளவு கஷ்டமாக இருந்திராது. ஆனால் ஜனங்கள் அவரிடம் எதிர்பார்த்தது சிரிப்பு. எந்தக் கணவரோடு சேர்ந்து சிரிக்க வைத்தாரோ, அவர் பக்கத்தில் இல்லாத மேடையில் நின்று தொழில் செய்ய வேண்டும். அதை அவர் செய்தார்.

ஜனங்கள் டிக்கெட் வாங்கி வந்து உட்கார்ந்தார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கொலைகாரன் கம்பெனி என்று அவர்கள் ஒதுக்கியிருந்தால் மதுரத்தின் துணிச்சல் எத்தனை பெரியதாக இருந்தும் பயன் இல்லை. கொட்டகைக்கு வந்த ஒவ்வொருவரும் தமக்குத் தெரியாமலேயே அந்தக் குடும்பத்துக்குக் கைகொடுத்தார்கள்.

கம்பெனியில் பிளவும் ஏற்படாமல் இல்லை. நடிகர் கே.ஆர்.ராமசாமி பிரிந்து சென்று தஞ்சையில் வேறு சபா தொடங்கினார். அண்ணாவின் 'வேலைக்காரி' நாடகத்தை மேடையேற்றியது அந்தச் சபாதான். அவர் அதற்கு வைத்த பெயர் கிருஷ்ணன் நாடக சபா. பிரிந்து போனவரும் சிறையில் இருந்தவரின் பெயரைக் கைவிடவில்லை.

லண்டன் வரை போன வழக்கு

தண்டனையை எதிர்த்துச் செய்த அப்பீலை 1945-லேயே சென்னை ஐகோர்ட்டு தள்ளுபடி செய்துவிட்டது. அடுத்த படி லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில். இந்தியாவுக்கு அப்போது அதுவே கடைசிக் கோர்ட்டு. அங்கே வழக்காடுவது சாதாரணக் குடும்பம் நினைத்துப் பார்க்கக்கூடிய செலவு அல்ல.

செலவுக்கு வழி தேட, 'பைத்தியக்காரன்' நாடகத்தைப் படமாக எடுக்கும் வேலை தொடங்கியது. கிருஷ்ணன், பஞ்சு இருவரும் டைரக்ட் செய்தார்கள். சகஸ்ரநாமமும் மதுரமும் முக்கிய வேடங்களில் நடித்தார்கள். அப்போது முன்னுக்கு வந்துகொண்டிருந்த எம்.ஜி.ஆரும் அதில் ஒரு வேடம் ஏற்றார்.

அப்பீலில் சாட்சியங்களை ஐகோர்ட்டு தானே எடை போட்டுப் பார்க்க வேண்டும் என்று கூறி, பிரிவி கவுன்சில் வழக்கைச் சென்னைக்கே திருப்பி அனுப்பியது. நீதிபதிகள் ஹாப்பல், ஷஹாபுதீன் இருவரும் மறுபடி விசாரித்தனர். கைதிகளுக்காக வி.எல்.எத்திராஜ் வாதாடினார். 1947-ம் ஆண்டு ஏப்ரல் 25-ந் தேதி பாகவதரும் கிருஷ்ணனும் விடுதலை செய்யப்பட்டார்கள்.

லட்சுமிகாந்தனைக் கொன்றவர்கள் யார் என்ற கேள்விக்கு முடிவான விடை கிடைக்கவில்லை. பத்திரிகையில் அவர் என்ன எழுதியிருந்தாலும், நடுத்தெருவில் குத்துப்பட்டு இறந்தவர் அவர். அந்த உயிருக்கு நியாயம் கிடைத்தது என்று சொல்ல முடியாது.

திரும்பி வந்தவருக்கு இடம் இருந்தது

கிருஷ்ணன் வெளியே வந்தபோது 'பைத்தியக்காரன்' படம் முடியும் தறுவாயில் இருந்தது. அவருக்காக அதில் வேடம் சேர்த்தார்கள். ஜோடி வேண்டுமே என்று மதுரம் இரட்டை வேடம் ஏற்றார். 1947-லேயே படம் வெளிவந்தது. 'கலைவாணர்' என்ற பட்டத்தைப் பம்மல் சம்பந்த முதலியார் அவருக்கு அளித்ததும் அதே ஆண்டில்தான்.

அவருடன் விடுதலையான பாகவதருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவர் சிறையில் இருந்த காலத்தில் 'ஹரிதாஸ்' ஓடிக்கொண்டிருந்தது உண்மை. ஆனால் பேசி வைத்திருந்த படங்கள் கைவிட்டுப் போயின. வெளியே வந்து நடித்த படங்கள் பழையபடி ஓடவில்லை. 1959-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி அவர் மறைந்தார்.

கிருஷ்ணனோ 'நல்லதம்பி', 'மணமகள்', 'பணம்' என்று மீண்டும் எழுந்தார். திறமையும் காலமும் அதற்குக் காரணம்தான். ஆனால் அவர் இல்லாத இரண்டு ஆண்டுகளுக்கு மேலான காலத்தில் அவருடைய தொழிலும் பெயரும் ஆட்களும் கலைந்து போகாமல் காத்து வைத்தவர் மதுரம் என்பதை மறக்கக்கூடாது.

மதுரத்துக்குப் பிறந்த பெண் குழந்தை சில மாதங்களிலேயே இறந்துவிட்டது. கணவருக்குத் தம் தங்கை வேம்பு அம்மாளை மணம் செய்து வைத்து, அவர்களுடைய பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாகப் பார்த்தார்.

கேட்டவருக்கெல்லாம் கொடுத்த கலைவாணர் 1957-ம் ஆண்டு ஆகஸ்டு 30-ந் தேதி காலமானார். அதற்குப் பின் 17 ஆண்டுகள் வாழ்ந்த மதுரம் 1974-ம் ஆண்டு மே மாதம் மறைந்தார். சென்னையில் கணவர் பெயரால் கலைவாணர் அரங்கம் நிற்கிறது.

நம் பக்கத்து வீட்டில்

கிருஷ்ணன் விடுதலையாவார் என்பது 1945-ல் மதுரத்துக்குத் தெரியாது. நாடகம் பார்க்க வந்தவர்களுக்கும் தெரியாது. அன்று கையில் இருந்தது ஆயுள் தண்டனைத் தீர்ப்பு ஒன்றுதான். கணவர் குற்றம் செய்தாரா இல்லையா என்பதைக் கோர்ட்டு பார்த்துக்கொள்ளட்டும். மனைவி எந்தக் குற்றமும் செய்யவில்லை. இது அன்றைய ஜனங்களுக்குப் புரிந்திருந்தது.

பெங்களூர் பரப்பன அக்ரஹாரா சிறைக்கு மனுப் பார்க்கப் போகும் குடும்பங்களில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. உள்ளே இருப்பவர்களில் சிலர் உண்மையிலேயே பெரிய குற்றம் செய்தவர்கள். வெளியே காத்திருக்கும் தாயும் மனைவியும் பிள்ளைகளும் எதுவும் செய்யாதவர்கள். அவர்களுக்கு வி.எல்.எத்திராஜ் கிடைக்க மாட்டார், பெயர் போட்ட நாடக சபாவும் கிடையாது. அவர்களுக்கு வேண்டியது வாடகைக்கு ஒரு வீடு, ஒரு வேலை, அப்பா எங்கே என்று கேட்டுக் குடையாத ஒரு பள்ளிக்கூடம்.

பிழைக்க வந்த ஊரில் ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் ஒருவர் வீட்டுச் சங்கதி அடுத்தவருக்குத் தெரியாமல் போகாது. அப்படித் தெரிய வரும்போது அந்த வீட்டுப் பெண்ணிடம் கடன் சொல்லி அரிசி கொடுப்பதா, கடையை விட்டு விரட்டுவதா என்பது அக்கம்பக்கத்தார் கையில் இருக்கிறது. மதுரத்தின் நாடகத்துக்கு டிக்கெட் வாங்கியவர்களும் இப்படிப்பட்ட சாதாரண ஜனங்கள்தான்.