கர்நாடகம் என்றொரு ஆசாமி

சின்ன வயதில் குடுமி வைத்த தாத்தாக்களைப் பார்த்து சுத்தக் கர்நாடகம் என்று சொன்னோமே, ஞாபகம் இருக்கிறதா? பழைய பஞ்சாங்கம் என்று அர்த்தம். சங்கீதத்தின் பெயர் தெருவுக்கு வந்தால் இப்படித்தான். ஒரே வரியை விதவிதமாக மாற்றிப் பாடுவது வித்வானுக்குச் சங்கதி. நமக்கு அது ஊர்ச் செய்தி. ஏக தாளம் என்பது தாளங்களில் ஒன்று. வீட்டில் ஏகத்தாளம் என்றால் கேலிப் பேச்சு. தனி என்றால் மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கும் நேரம். கேட்க வந்தவர்களில் பலருக்குக் காபி நேரம். நானே முதல் கச்சேரியில் வர்ணம் என்றதும் பெயிண்ட் என்றுதான் நினைத்தேன். பி.காம். பாடத்தில் இதெல்லாம் ஏது?

இந்தக் குழப்பத்தையே புனைபெயராக்கிக்கொண்டவர் பொன்னியின் செல்வன் எழுதிய கல்கி. 1930களில் ஆனந்த விகடனில் ஆடல் பாடல் என்ற பகுதியில் கச்சேரி விமர்சனம் எழுதினார். போட்டுக்கொண்ட பெயர், கர்நாடகம். சங்கீதம் என்றும் எடுக்கலாம், பழங்காலத்து ஆசாமி என்றும் எடுக்கலாம்.

மாயவரம் பக்கம் புத்தமங்கலத்தில் 1899இல் பிறந்த கிருஷ்ணமூர்த்தி, ஒத்துழையாமை இயக்கத்துக்காகத் திருச்சியில் பள்ளிப் படிப்பை விட்டார். 1922இல் சிறை சென்றார். பிறகு திரு.வி.க.வின் நவசக்தியில் வேலை. அங்கிருந்து நம் பக்கம் வந்தார் என்பது பலருக்குத் தெரியாது. திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் ராஜாஜி 1925இல் தொடங்கிய காந்தி ஆசிரமத்தில் தங்கி, மதுவிலக்குக்காக நடந்த விமோசனம் பத்திரிகையில் உழைத்தார். அடுத்த முறை அர்த்தநாரீஸ்வரரைக் கும்பிடப் போனால் ஆசிரமத்தையும் எட்டிப் பாருங்கள்.

1941இல் சதாசிவத்துடன் கல்கி பத்திரிகையைத் தொடங்கினார். அந்தச் சமயத்தில்தான் தமிழிசைக் கிளர்ச்சியும் எழுந்தது. வேடிக்கை இங்கே வினையாயிற்று. கச்சேரியில் தமிழ்ப் பாட்டு பெரும்பாலும் கடைசியில் துக்கடாவாகத்தான் வரும். துக்கடா என்றால் துண்டு. நம் பேச்சிலோ அற்பமான விஷயம். தாய்மொழிக்கு இந்த இடம்தானா என்று வரிந்து கட்டிக்கொண்டு எழுதினார். பெரிய வித்வான்கள் சிலரே எதிர்த்தார்கள். சங்கீதத்தின் தரம் கெடும் என்றார்கள். அவர் விடவில்லை. கர்நாடகம் என்று பெயர் வைத்துக்கொண்டவர் புதுமைப் பக்கம். எதிர்த்தவர்கள்தான், என் கணக்கில், தெருவில் சொல்லும் அர்த்தத்தில் கர்நாடகம். 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது.

1945இல் வந்த மீரா படத்துக்குக் காற்றினிலே வரும் கீதம் எழுதிக் கொடுத்தார்; எம்.எஸ். பாடினார். 1954 டிசம்பர் 5 அன்று, 55 வயதில் கல்கி காலமானார். அந்தப் பாட்டை இன்றும் கச்சேரிகளில் பாடுகிறார்கள். கடைசியில், துக்கடாவாக.