களைப்பை அளந்த மோசோ

இத்தாலி நாட்டில் 1846-இல் எளிய தச்சர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் ஆஞ்செலோ மோசோ. மருத்துவம் கற்று, 1879-இல் டூரின் பல்கலைக் கழகத்தில் உடலியல் பேராசிரியரானார்.

நடுவிரலால் எடையைத் திரும்பத் திரும்ப இழுக்கச் செய்து, தசை தளர்வதைத் தாளில் கோடுகளாக வரையும் கருவியொன்றை அமைத்தார். நண்பர்களே, வியப்பைக் கேளுங்கள்! மணிக்கணக்காக மாணவரிடம் வாய்மொழித் தேர்வு நடத்தி வந்த ஆசிரியரின் விரலும் வலுவிழந்திருந்தது. (விடை சொன்ன மாணவர் விரலை ஏன் அளக்கவில்லையோ!) எடையைத் தூக்காத விரல் தளர்வானேன்? களைப்புக்கு மூளையிலும் இடமுண்டு என்று கண்டு, 1891-இல் களைப்பைப் பற்றியே நூல் எழுதினார்.

மண்டையோட்டில் குறையுள்ளோரிடம் மூளையின் குருதித் துடிப்பை அவர் பதிந்தார். மின்னலையைப் பதியக் கருவியில்லை. மனித மூளையின் மின்னலையைப் பெர்கர் பதிந்தது 1924-இல். தசை தளரத் தளர, அதை ஏவும் மூளைப் பகுதியின் மின்செயல் மிகுவதைப் பின்வந்தோர் கண்டனர். மோசோ 1910-இலேயே மறைந்துவிட்டார்.