எதிராளியும் கதவு திறந்தார்!

மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு எழுதலாம்னு முடிவு செய்ததும், எனக்கு விஞ்ஞானி யாரும் தோன்றவில்லை. ஒரு பத்திரிகைக்காரர்தான் தோன்றினார். அவர் பெயர் ஐடா டார்பெல். உலகத்தின் மிகப்பெரிய எண்ணெய்க் கம்பெனியைக் கேள்வி கேட்ட பெண்மணி. ஒர்க்ஷாப்பில் ஆயிலும் கிரீஸுமாக நிற்கிற நாம் இவரைத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

1857 நவம்பர் 5-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்தார். அப்பா, எண்ணெய் சேமிக்கும் மரத்தொட்டிகள் செய்தவர். 1872-ல் ரயில்வே கம்பெனிகளும் ராக்ஃபெல்லர் தரப்பும் ரகசிய ஒப்பந்தம் போட்டன. அவர்களுக்குச் சரக்குக் கட்டணத்தில் தள்ளுபடி. சிறு தொழில்காரர்களுக்கோ இரட்டிப்புச் சுமை! ஊரே கொதித்தது. எதிர்த்து நின்றவர்களில் அவர் அப்பாவும் ஒருவர். அப்போது ஐடாவுக்கு வயது 14.

1876-ல் அலகெனி கல்லூரியில் சேர்ந்தபோது, அந்த வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண். 1891-ல் பாரிஸ் போனார். மாதச் சம்பளம் கிடையாது. கட்டுரை அச்சானால்தான் காசு, காசு வந்தால்தான் அறை வாடகை. அப்படித் தனியாளாக எழுதிக்கொண்டே லூயி பாஸ்டரைப் போய்ச் சந்தித்தார். பிறகு மெக்ளூர்ஸ் பத்திரிகையில் சேர்ந்து, லிங்கனைப் பற்றித் தொடர் எழுதினார். லிங்கனோடு பழகிய வயசாளிகளை ஊர் ஊராகத் தேடிப்போய்ப் பேசினார். லிங்கனின் மகன் ராபர்ட், அதுவரை வெளிவராத இளவயதுப் புகைப்படத்தையே இவரிடம் கொடுத்தார். 1895-ல் அது அச்சில் வந்தது.

அடுத்து வந்ததுதான் பெரிய வேலை. ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனியின் வரலாறு! வேண்டாம்மா, பத்திரிகையையே அழித்துவிடுவார்கள் என்று அப்பாவே தடுத்தார். எண்ணெய் ஊர்க்காரர்களும் வாய் திறக்கப் பயந்தார்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். நோட்டும் பேனாவுமா யாராவது வாசலில் வந்து நின்னா, எங்க அப்பா எதுவும் சொல்ல மாட்டார். எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு சொல்லி அனுப்பிவிடுவார். எழுதுறவங்க எழுதிட்டுப் போயிடுவாங்க, மறுநாள் மாட்டிக்கிறது நாமதானே என்பது அவர் கணக்கு.

ஆனால், 1902-ல் அந்தக் கம்பெனியின் பெரிய புள்ளி ஹென்றி ரோஜர்ஸே ஐடாவைச் சந்தித்தார். ஏற்பாடு செய்தவர் எழுத்தாளர் மார்க் ட்வைன். பேசும்போதுதான் தெரிந்தது, ஒரு காலத்தில் இருவரும் ஒரே எண்ணெய் ஊரில் குடியிருந்தவர்கள் என்று! ஊர்ப்பாசம் மட்டும் போதுமா? ஐடா முதலிலேயே நிபந்தனையைத் தெளிவாகப் பேசிக்கொண்டார். ஒவ்வொரு விஷயத்தையும் ரோஜர்ஸிடம் கொண்டுபோய் விளக்கம் கேட்பார். அவர் ஆவணங்கள் காட்டலாம், வாதாடலாம். ஆனால் கடைசி முடிவு ஐடாவுடையது. ஏறத்தாழ இரண்டு வருஷம் இந்தச் சந்திப்பு நடந்தது.

இந்த நேரத்தில்தான் சோதனை வந்தது. கம்பெனி ஆபீஸில் பழைய காகிதங்களை எரிக்கும் வேலை ஒரு பையனுக்கு. அதில் தன் ஞாயிறு பள்ளி ஆசிரியரின் பெயரைப் பார்த்தான். அவர் போட்டி வியாபாரி. அவருடைய சரக்கு எங்கே போகிறது என்று ரயில்வே ஆபீஸ்களிலிருந்து உளவு பார்த்த குறிப்புகள் அவை! அவன் எரிக்காமல் எடுத்துக் கொடுத்தான். அவை ஐடா கைக்கு வந்தன. பெயர்களை மறைத்து, விஷயத்தை மறைக்காமல் எழுதினார். ரோஜர்ஸ் கொதித்துப் போனார். எங்கே கிடைத்தது என்று கேட்டார். ஐடா சொல்லவில்லை. அதோடு அந்தப் பெரிய கதவு மூடிக்கொண்டது. ஒரு பெரிய மனிதரின் தயவா, ஒரு சின்னப் பையனின் பாதுகாப்பா என்று வந்தபோது, அவர் பையன் பக்கம் நின்றார். ரோஜர்ஸுக்குக் கொடுத்த வாக்கையும் மீறவில்லை. முடிவு என்னுடையது என்று முன்பே சொல்லியிருந்தாரே!

1902 நவம்பரில் தொடங்கிய தொடர் 1904 வரை வந்து, நூலாகவும் வெளியானது. மக்கள் கோபம் வளர்ந்தது. அரசு வழக்குப் போட்டது. 1911-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் அந்த மாபெரும் கம்பெனி 34 துண்டானது. 1944 ஜனவரி 6-ல், 86 வயதில் ஐடா மறைந்தார்.

நண்பர்களே! நாளைக்கு நாமும் சூப்பர்வைசராகி, விபத்து எப்படி நடந்தது என்று ஒரு தொழிலாளியிடம் கேட்க வேண்டி வரும். அவர் உண்மையைச் சொல்வாரா என்பது நம்ம கேள்வியில் இல்லை. சொன்னவரை நாம் மாட்டிவிட மாட்டோம் என்று அவர் நம்புவதில்தான் இருக்கிறது. அந்த நம்பிக்கையைச் சம்பாதிப்போம்!

- இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை