உப்பைத் தேடிய சிறுவனும் லோசன் வில்கின்ஸும்

பிறந்து இரண்டு வாரமேயான சிசு பாலைக் கக்கி, எடை குறைந்து துவண்டால் அதனை வயிற்றுக் கோளாறு என்றே நாம் எண்ணுகின்றோம். சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியின் பரம்பரைக் குறைபாடும் இவ்வாறே வெளிப்படலாம் என்பதை அறிந்தோர் சிலரே. அந்நோயை இனங்கண்டு வெல்ல வழிவகுத்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்க வைத்தியர் லோசன் வில்கின்ஸ்.

1894 இல் போல்டிமோர் நகரில் வைத்தியர் ஒருவரின் மகனாகப் பிறந்த அவர், ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1918 இல் பட்டம் பெற்று, நீண்ட காலம் தனியார் குழந்தை வைத்தியராகவே பணியாற்றினார். 1935 இல் சிறுவர்களுக்கான ஹோர்மோன் சிகிச்சை நிலையமொன்றை அப்பல்கலைக்கழகத்தில் ஆரம்பிக்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

1940 இல் அவரும் ரிக்டர் என்ற ஆய்வாளரும் வெளியிட்ட சம்பவமொன்று நெஞ்சை உருக்குவதாகும். மூன்றரை வயதுச் சிறுவன் ஒருவன் வீட்டில் உப்பை அள்ளி அள்ளித் தின்று வந்தான். வைத்தியசாலையில் வழமையான உணவு மட்டுமே வழங்கப்பட்டது. ஏழே நாட்களில் அவன் உயிர் பிரிந்தது. உடலில் உப்பைத் தக்கவைக்கும் ஹோர்மோன் அவனுக்குச் சுரக்கவில்லை. அவனை அதுவரை வாழவைத்தது அந்த உப்பே என்பது மரணத்தின் பின்னரே விளங்கியது.

1950 இல், கோர்ட்டிசோன் மருந்தினால் இந்நோயைக் கட்டுப்படுத்தலாம் என வில்கின்ஸ் நிறுவினார். பொஸ்டன் வைத்தியர்களும் அதே காலத்தில் அம்முடிவை எட்டினர். அவ்வாண்டிலேயே சிறுவர் ஹோர்மோன் நோய்கள் பற்றிய அவரது நூலும் வெளிவந்தது. பல நாட்டு வைத்தியர்களைப் பயிற்றுவித்த அவர் 1963 இல் காலமானார். சிசுவின் குதிகாலிலிருந்து பெறும் ஒரு துளி இரத்தத்தில் நோயை அறியும் முறை 1977 இல் அறிமுகமானது.

ஏறத்தாழ 15,000 பிறப்புகளில் ஒன்றில் காணப்படும் இந்நோய், பெற்றோர் இருவரும் குறைபாடுள்ள மரபணுவைக் காவும்போதே பிள்ளையைத் தாக்குகின்றது. ஒவ்வொரு பிரசவத்திலும் அதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்றாகும். தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் உறவுமுறைத் திருமணம் வழக்கிலிருப்பதால் இது நாம் சிந்திக்க வேண்டிய விடயமாகும்.

பெண் சிசுவின் பிறப்புறுப்பு வேறுபட்டுத் தோன்றினால் வெட்கத்தினால் மறைத்தலாகாது. ஆண் சிசுவிலோ வெளி அடையாளம் பெரும்பாலும் தென்படாது. ஆபத்தும் அங்கேயே அதிகம். வெலிமடையின் மலைத்தோட்டங்களிலிருந்து வைத்தியசாலையை அடையவே நேரம் கடந்துவிடலாம். எனவே, துவளும் சிசுவுடன் செல்லும் தாய், முன்னர் காரணமறியாது இறந்த பிள்ளைகள் குடும்பத்தில் இருப்பின் அதனையும் வைத்தியரிடம் கூற வேண்டும். சோடியம், பொட்டாசியம் அளவுகளைக் காட்டும் சாதாரண இரத்தப் பரிசோதனையே சந்தேகத்தை எழுப்பப் போதுமானது. அச்சிறுவனின் மரணம் கற்பித்த பாடத்தை எமது பிள்ளைகளின் உயிரைக் காக்கப் பயன்படுத்துவோமாக.