ஹோம்ஸ் நம்பாததை நம்பிய டாயில்

ஷெர்லாக் ஹோம்ஸை அறியாத வாசகர் அரிது. அவரைப் படைத்த ஆர்தர் கோனன் டாயில், 1859-இல் எடின்பரோவில் பிறந்தவர், மருத்துவம் பயின்றவர். தடயத்தைக் கொண்டு உண்மையை அடையும் முறையை அவர் கதைகளோடு நிறுத்திக்கொள்ளவில்லை.

இந்தியப் பார்சி வம்சாவளியில் வந்த பாதிரியாரின் மகன் ஜார்ஜ் எடால்ஜி. வழக்குரைஞரான அவர், இரவில் மட்டக்குதிரை ஒன்றை வெட்டிக் காயப்படுத்தியதாக 1903-இல் இங்கிலாந்தில் தண்டிக்கப்பட்டார். அவரைச் சந்திக்கச் சென்ற டாயில், அவர் நாளிதழை முகத்தருகே பிடித்துப் படிப்பதைத் தொலைவிலிருந்தே கவனித்தார். பார்வை இவ்வளவு மங்கிய ஒருவர் இருளில் வயல்களைக் கடந்து அக்குற்றத்தைச் செய்திருக்க முடியாது என்று வாதிட்டார். 1907-இல் எடால்ஜிக்கு மன்னிப்பு கிடைத்தது.

இறந்தோருடன் பேசலாம் என்னும் ஆவியுலகக் கொள்கையையும் டாயில் பல ஆண்டுகள் ஐயத்துடனேயே ஆராய்ந்தார். பின்னர் 1916-இல், தாம் அதை ஏற்பதாக அறிவித்தார். போரில் காயமுற்ற அவருடைய மகன் கிங்ஸ்லி 1918 அக்டோபரில் நோயால் இறந்தார். சில மாதங்களில் தம்பியும் மறைந்தார். புத்திர சோகமே அவரை ஆவிகளிடம் கொண்டு சேர்த்தது என்று சொல்வதுண்டு. காலக்கணக்கு அதற்கு ஒத்துவரவில்லை. துயரம் அந்த நம்பிக்கையைத் தோற்றுவிக்கவில்லை. அதிலிருந்து மீளும் வழியைத்தான் அடைத்தது. ஆவி அழைப்புக் கூட்டமொன்றில் மகனின் குரலைக் கேட்டதாக அவர் நம்பினார். இனி ஐயம் கொள்வதென்றால், மகனை மீண்டும் ஒருமுறை இழக்க வேண்டும்.

1917-இல் காட்டிங்லி கிராமத்தில் 16 வயதும் 9 வயதுமான இரு சிறுமியர் சிறகு முளைத்த தேவதைகளுடன் படம் எடுத்தனர். அடையாறைத் தலைமையிடமாகக் கொண்ட பிரம்மஞான சபையின் இங்கிலாந்துப் பிரமுகர் ஒருவர் வழியே அப்படங்கள் பரவின. அவை உண்மையானவை எனச் சான்றளிக்கக் கோடக் நிறுவனம் மறுத்துவிட்டது. டாயிலோ 1920-இல் பத்திரிகைக் கட்டுரையும், 1922-இல் தனி நூலும் எழுதினார். முதல் படத்தின் தேவதைகள் 1914-இல் வெளிவந்த சிறுவர் நூலொன்றின் ஓவியத்தைப் பார்த்து வரைந்து வெட்டிய காகிதங்கள். அந்த நூலில் டாயிலின் கதையும் உண்டு! சிறுமியர் மூதாட்டிகளான பிறகு, 1983-இல்தான் உண்மை வெளிவந்தது.

இதைவிட வேதனையானது, மாயவித்தைக் கலைஞர் ஹூடினியின் நட்பு முறிந்த கதை. 1922-இல் அட்லாண்டிக் நகரில் டாயிலின் மனைவி ஜீன், ஹூடினியின் மறைந்த தாயார் சொல்வதாகப் பல பக்கங்கள் எழுதினார். எழுத்து ஆங்கிலத்தில் இருந்தது, தலைப்பில் சிலுவைக்குறி. ஹூடினியின் தாயாரோ யூத குருவின் மனைவி. ஆங்கிலம் எழுதத் தெரியாதவர். எடால்ஜியின் கண்களைக் கவனித்தவருக்கு இந்தத் தடயம் போதாதா? ஏற்றால் மனைவியையே சந்தேகிக்க நேரும். டாயில் ஏற்கவில்லை. மாறாக, விலங்குகளைக் கழற்றித் தப்பும் ஹூடினிக்கே அமானுஷ்ய ஆற்றல் உண்டு என்றார். ஹூடினி மறுத்ததும் பயனளிக்கவில்லை.

உள ஆய்வுக் கழகம் அளவுக்கு மீறிச் சந்தேகிப்பதாகக் கூறி, 1930-இல் அதிலிருந்தும் விலகினார். அவ்வாண்டு ஜூலையில் காலமானார். தாம் படைத்த பேராசிரியர் சேலஞ்சரை 1926-இல் ஒரு நாவலில் ஆவியுலக நம்பிக்கையாளராக்கியவர், ஹோம்ஸை மட்டும் மாற்றவில்லை. 1927-இல் வெளியான கடைசிக் கதை வரை, ஹோம்ஸ் ஒரு பேயையும் நம்பவில்லை.